ஒன்றரை அடிச் சரிவு

"வாசலை இடிக்கிற பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்," என்று மாமனார் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்தியது.

"இடிக்கச் சொல்லல மாமா. படிமேல ஒரு சரிவு, அவ்வளவுதான். அரை நாள் வேலை."

"அரை நாளோ அரை மணியோ. வேண்டாம்னா வேண்டாம்."

சக்கர நாற்காலியில் இருந்த மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தான். ஆறு பொத்தான்தான், அன்றைக்கு அதற்கு வெகுநேரம் பிடித்தது. சிமென்ட்டும் செங்கல்லும் கம்பியும் விற்கிற கடையில் அவனுக்கு வேலை. ஊரார் வீட்டுக்கெல்லாம் மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்புகிறவனுக்குத் தன் வீட்டு வாசலுக்கு ஒரு மூட்டை வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

"லேப் டாக்டரம்மா நேத்து போன் பண்ணாங்க," என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். "மைக்ராஸ்கோப் பாக்கக் கண்ணும் கையும் போதும், திங்கக்கிழமை வந்து உக்காருன்னு சொல்லிட்டாங்க. லேப் வாசல்ல சரிவு இருக்கு. நம்ம வாசல்லதான் இல்ல."

"சின்னவனுக்குப் பொண்ணு பாக்கணும்," என்றார் மாமனார். "வர்றவன் முதல்ல வாசலைத்தான் பாப்பான். சரிவைப் பாத்தா யாருக்குன்னு கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

"எனக்குன்னு சொல்லுங்க."

மாமியார் துணியோடு வந்து, சிந்தின டீயைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, சிந்தினது அதுதான் என்பதுபோல நாற்காலிச் சக்கரத்தையும் ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். கணவன் கடைக்குக் கிளம்பிப் போனான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மருமகளுக்கு அந்தத் தெருவில் ஊசியக்கா என்று பேர். விடியற்காலை ஆறு மணிக்கு நீலப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறவர்களின் வீடு வீடாகப் போவாள். வற்றிப்போன கிழவர்களின் கை, கொழுகொழுவென்று நரம்பே தெரியாத கை, பிறந்து மூன்று நாளான பிள்ளையின் குதிகால், எதுவானாலும் ஒரே குத்துதான். விரல் நுனியால் தோலைத் தொட்டுக் கண்ணை மூடுவாள். நரம்பு அவளுக்குப் பதில் சொல்லும். அடம்பிடிக்கிற குழந்தைகள்கூட, "ஊசியக்கான்னா சரி" என்று கையை நீட்டும்.

ஒரு நாள் காலை, மூன்றாவது வீட்டுக்கும் நான்காவது வீட்டுக்கும் நடுவே, பின்னால் வந்துகொண்டிருந்த லாரி ஒன்று அவளைச் சுவரோடு வைத்து நெருக்கியது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அப்புறம் ஐந்து மாதம் ஒரு பயிற்சிக்கூடம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மறுபடி நாற்காலிக்கு. கை இரண்டும் மரக்கட்டைபோல இறுகின. தன் உடம்பைத் தானே தூக்கக் கற்றுக்கொண்டவளாக வீடு திரும்பினாள்.

வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். மூன்றே படி, அதற்குமேல் ஒரு சின்ன மேடை, பிறகு கதவு. அந்த மூன்று படிக்கு உள்ளே பதினாறு மாதம் கழிந்தது. பதினோரு தடவை வெளியே போனாள். ஒன்பது தடவை ஆஸ்பத்திரிக்கு, இரண்டு தடவை விபத்து வழக்கில் கையெழுத்துப் போட.

ஒவ்வொரு தடவையும் கணவன் தொடைக்கடியில் கை கொடுப்பான், கொழுந்தன் அக்குளில் பிடிப்பான். சேலை விலகும், அவள் கை இரண்டும் அவர்கள் கழுத்தில் இருக்கும், இழுத்துவிட முடியாது. தெரு முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்க்கும். "தங்கமான புருஷன்மா, வேற எவனா இருந்தா விட்டுட்டுப் போயிருப்பான்" என்று பெண்கள் அவளுக்குக் கேட்கும்படியே சொல்வார்கள். அதைக் கேட்கும்போது கணவனின் நெஞ்சு சற்று நிமிர்வது அவள் தோளுக்குத் தெரியும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் தெருவில் வேறு எதற்கும் கிடைக்காத பாராட்டு அவனுக்கு அந்த மூன்று படியில் கிடைத்தது. சரிவு கட்டினால் அது போய்விடும். இதை அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவள் நினைத்துப் பார்த்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள், யாரோ முன்பின் தெரியாத அம்மாள் அவள் மடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனாள். ஊசியக்கா அதைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினாள். பின்னால் நின்ற மாமியார் குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "மனசாரக் குடுத்தா வாங்கிக்கணும், வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றாள். வீடு வரும்வரை அந்த நாணயம் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள் ஊசியக்கா. உணர்வில்லாத தொடைதான். ஆனாலும் அந்த ஒரு இடம் பிசுபிசுவென்று ஒட்டுவதுபோலவே இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். எல்லாக் கேள்வியும் மாமியாருக்குப் போகும். "சாப்பிடுதா?" "தூங்குதா?" "ராத்திரி வலிக்குதுன்னு சொல்லுதா?" நேற்றுவரை "வாங்க, போங்க" என்று கூப்பிட்ட வாய்கள். லாரி அவள் இடுப்புக்குக் கீழேதான் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஆளை இவர்கள் எடுத்துக்கொண்டு, 'அது' என்று ஒன்றை நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். ஒருத்தி முட்டிக்கொண்டு வந்த சிரிப்போடு, "வெளிக்கெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். மாமியார் விளக்கமாகப் பதில் சொன்னாள். ரப்பர் விரிப்பு, குழாய், துணி, நாற்றம், எதையும் விடவில்லை. இரண்டு பேரும் மூக்கைச் சுளித்தார்கள். மூக்கைச் சுளிக்க வைத்தவள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து, காதில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணுக்குப் புது ஸ்கூட்டர். "நல்லாப் பாத்துக்க. ஹெல்மெட் போடலன்னா கதி இதுதான்" என்று நாற்காலியைக் காட்டினார், மிருகக்காட்சிசாலையில் கூண்டைக் காட்டுகிறமாதிரி.

"நான் போட்டிருந்தேன்," என்றாள் ஊசியக்கா.

"இதுவே சொல்லுது பாரு," என்று அவர் மகளை அழைத்துக்கொண்டு போனார். பேச்சு கேட்டது, சொன்னது என்ன என்று கேட்கவில்லை.

மாமியார் சாயங்காலம் நான்கு மணிக்குமேல் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாள். "குடிச்சா போகணும். போனா யாரு தூக்கறது?" தூக்க வேண்டியதில்லை, தானே போவேன் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சிறுநீரில் எரிச்சல் வந்தது, காய்ச்சல் வந்தது, அதற்கு மருந்து வந்தது. சொம்பு மட்டும் கீழே வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே மாதம் ஒரு நாள் மாமனார் அவள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். அவருக்குச் சர்க்கரை. நரம்பு ஆழத்தில் ஓடி ஒளிகிற கை. "நீயே எடு. வேற எவன் எடுத்தாலும் கோணி தைக்கிறமாதிரி குத்தறான்." அவள் ரப்பர் பட்டையைக் கட்டுவாள், தொடுவாள், கண்ணை மூடுவாள். ஒரே குத்து. அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போவார். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் அவள் 'நீ'யாக இருப்பாள்.

அன்றைக்குக் கணவன் கடைக்குப் போனதும், ஊசியக்கா தானே ஒரு கொத்தனாருக்குப் போன் செய்தாள். அவருடைய தாயாருக்கு அவள் பல வருஷம் ரத்தம் எடுத்தவள். மத்தியானமே வந்து, படியை முழம்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனை மாமனார் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினார். "இந்த வீட்டுக்கு ஆம்பளை இருக்கோம். நாங்க கூப்பிட்டா வா."

மாலையில் கணவன் சொன்னான். "அப்பாவுக்கு மனசு கஷ்டமாயிருச்சு. கொஞ்சம் பொறுத்துக்கயேன். அவசரம் என்ன?"

"திங்கக்கிழமை."

"இந்தத் திங்கக்கிழமை இல்லன்னா வேற திங்கக்கிழமை வராதா?"

அந்தத் திங்கட்கிழமை வந்து போனது. டாக்டரம்மா, "ஒரு மாசம் பாக்கறேன், அதுக்கு மேல ஆள் போட்டாகணும்" என்றாள்.

மூன்றாவது வாரம் கொழுந்தன் மோட்டார் பைக் வாங்கினான். கறுப்பு நிறம், கண்ணாடிபோலப் பளபளப்பு. வீட்டார் எல்லோரும் தெருவில் இறங்கி அதைச் சுற்றி நின்றார்கள். மாமியார் அதன் இருக்கையைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தாள். ராத்திரி எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. தெருவில் விட்டால் பனி விழும், பிள்ளைகள் கீறும், எவனாவது தூக்கிக்கொண்டு போவான். மேடைமேல் ஏற்றலாமென்று அண்ணனும் தம்பியும் முக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது படியில் பைக் சாய்ந்து, சைலன்சரில் ஒரு கோடு விழுந்தது. மாமனாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் மணல் கொட்டுகிற சத்தம். கூடவே அதே கொத்தனாரின் குரல். ஊசியக்கா நாற்காலியை ஜன்னலுக்கு உருட்டினாள். மேடைக்கு வெளியே இரண்டு மூட்டை சிமென்ட் இருந்தது. கணவன் வேலை பார்க்கிற கடையின் பேர் மூட்டையில் இருந்தது. கடை வண்டியில் வந்ததல்ல, அவனே காலையில் போய்த் தோளில் சுமந்து வந்தது.

"என்ன சார், சரிவு கட்டறீங்க?" எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "மருமகளுக்கா?"

"சேச்சே!" என்றார் மாமனார். தெருக்கோடிவரை கேட்கிற குரல். "பைக்குக்கு சார். சின்னவன் வண்டி வாங்கியிருக்கானில்ல."

அந்தச் 'சேச்சே' ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவள்மேல் விழுந்தது. காலில் மிதித்த எதையோ உதறும்போது வருகிற சத்தம்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "அண்ணே, கட்டறதுதான் கட்டறீங்க, மூணடி அகலம் போட்டுடுங்க."

கொத்தனார் மாமனாரைப் பார்த்தார். "வேலை ஒண்ணுதான் சார். மணல் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்கும்…"

"பைக் சக்கரம் எவ்வளவு அகலம்? நாலு விரல். எதுக்கு மூணடி? நடுவுல ஒன்றரை அடி போடு. ரெண்டு பக்கமும் மனுஷங்க நடக்கப் படி வேணுமில்ல?"

மனுஷர்கள் நடப்பதற்கு இரண்டு பக்கமும் படி விடப்பட்டது. மத்தியானத்துக்குள் நடுவில் ஒன்றரை அடிக்கு ஒரு சரிவு எழுந்தது. இரண்டேகால் அடி நாற்காலி அதில் இறங்காது. படி குறுகிவிட்டதால், இனி இரண்டு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கவும் தோதில்லை. பதினாறு மாதமாக இடிக்க முடியாத வாசல் இப்போது அவளுக்கு இன்னும் ஒரு பூட்டோடு திறந்து கிடந்தது.

சாப்பாடு முடிந்து வீடு தூங்கியது. கொத்தனார் பூசி முடித்துவிட்டுப் போயிருந்தார். ஊசியக்கா கணவனின் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினாள். கையை ஊன்றி, உடம்பை நகர்த்தி நகர்த்தி, கதவைத் தாண்டி மேடைக்கு வந்தாள். மேடையின் பக்கவாட்டு ஓரத்துக்குப் போய் டேப்பைக் கீழே தெருவுக்கு விட்டாள்.

இருபத்தோரு அங்குலம்.

திரும்பி உள்ளே வந்து நாற்காலியின் இருக்கையைத் தரையிலிருந்து அளந்தாள்.

இருபது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மேடையும் இருக்கையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நாற்காலியை யாராவது ஒருவர் கீழே தெருவில் மேடையை ஒட்டி வைத்தால் போதும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தினமும் பத்துத் தடவை செய்கிற வேலை. சரிவு வேண்டியதில்லை. தூக்க வேண்டியதில்லை. அவள் அக்குளில் யாரும் கை வைத்திருக்க வேண்டியதே இல்லை. தொடை தெரியத் தெருவில் ஊர்வலம் போயிருக்க வேண்டியதில்லை. பதினாறு மாதத்தில் அந்த வீட்டில் எவனும் அவளைத் தூக்கினானே தவிர, நாற்காலியைத் தூக்கிக் கீழே வைக்கலாமே என்று நினைக்கவில்லை. பயிற்சிக்கூடத்தில் அத்தனை கற்றவள், அவளும் நினைக்கவில்லை. தூக்கப்படுகிற சாமானுக்கு யோசனை எதற்கு என்று அவளுக்கே அவர்கள் பழக்கிவிட்டிருந்தார்கள். டேப்பைச் சுருட்டிக் கணவனின் பையிலேயே போட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கொத்தனார் பூச்சுக்குத் தண்ணீர் விட வந்தார். கதவு திறந்திருந்தது. மேடைமேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊசியக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, உள்ள என் நாற்காலி இருக்கு. எடுத்து இந்தப் பக்கம் கீழ வச்சு, பிரேக் போட்டுக் குடுங்க."

அவர் வைத்துவிட்டு, "தூக்கி உக்கார வைக்கவாம்மா?" என்றார்.

"வேண்டாம்ணே. நாற்காலியை மட்டும் அசையாமப் பிடிச்சுக்குங்க."

அவள் மேடை ஓரத்துக்கு நகர்ந்தாள். ஒரு காலைக் கையால் எடுத்துப் போட்டாள், பிறகு இன்னொன்றை. நாற்காலியில் ஒரு கையும் மேடையில் ஒரு கையும் ஊன்றினாள். மாமியார் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவள் பாதி வழியில் இருந்தாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்றே! தெருவே பாக்குது, மானம் போகுது, உள்ள வா!"

தெரு பார்க்கத்தான் செய்தது. பால் வாங்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர், ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர். ஊசியக்கா இருக்கையில் முழுசாக உட்கார்ந்து, கோட்டை இழுத்துவிட்டு, மூச்சு வாங்கினாள்.

"இத்தனை நாள் பாக்கலயா அத்தை? அப்பல்லாம் சேலை விலகிக் கிடந்தது. இப்ப ஒழுங்கா இருக்கு."

மாமனார் வாசலுக்கு வந்தார். கணவன் பின்னால் நின்றான், பல் துலக்கும் பிரஷ் வாயில் இருந்தது.

"எங்க போறே?" என்றார் மாமனார்.

"வேலைக்கு."

"திரும்பி வரும்போது? எவன் தூக்குவான்?"

"என்னை யாரும் தூக்க வேண்டாம் மாமா. நாற்காலியை யாராவது ஒருத்தர் மேடையில எடுத்து வச்சாப் போதும். அதுவும் கஷ்டம்னா சொல்லிடுங்க, தெருவுல யாரையாவது கேட்டுக்கறேன்."

"இந்த வீட்டு மருமக தெருவுல போறவனைக் கேப்பாளா?"

"கேட்டுட்டேனே," என்று கொத்தனாரைக் காட்டினாள். பிறகு பிரேக்கை எடுத்தாள்.

நான்கு தெரு. முதல் திருப்பத்திலேயே உள்ளங்கை எரிந்தது. இரண்டாவது தெருவில் ஒரு குழி, மூன்றாவதில் நடைபாதைமேல் நிறுத்தின கார். சுற்றிப் போனாள். ஆய்வகத்தின் சரிவில் ஏறி உள்ளே போனபோது டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவும் இடத்தைக் காட்டினாள். மைக்ராஸ்கோப்பின் மேஜை ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். ஊசியக்கா முதலில் அதை முழுக்கக் குடித்தாள்.

மூன்று வாரம் மாமனார் அவளோடு பேசவில்லை. "அந்தக் கையில இனிமே ரத்தம் குடுக்க மாட்டேன்" என்று மாமியாரிடம் சொல்லி, வேறு எங்கிருந்தோ ஓர் ஆளை வரவழைத்தார். அந்த ஆள் இடது கையில் இரண்டு, வலது கையில் இரண்டு என்று நான்கு குத்துக் குத்தி, நீலம் பாரித்த கையையும் காலிக் குழாயையும் விட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலை மாமனார் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

வரிசையில் பதினாலு பேர் இருந்தார்கள். நரம்பு கிடைக்காத கைகளையெல்லாம் இப்போது மைக்ராஸ்கோப் மேஜைக்கு, ஊசியக்காவிடமே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "அந்த மேடம்கிட்டயே போங்க, வலிக்கவே வலிக்காது" என்று முன்னால் போனவர்கள் பின்னால் இருப்பவர்களுக்குச் சொன்னார்கள். மாமனார் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"முஷ்டியை மூடுங்க மாமா," என்றாள் அவள்.

"மாமாவா?" என்றாள் வரிசையில் அடுத்து இருந்த அம்மாள். "உங்களுக்குச் சொந்தமா இவங்க?"

மாமனார் திரும்பினார். வரிசை முழுக்க அவரைப் பார்த்தது. மரியாதையோடு பார்த்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது, மூன்று படியில் மகனுக்கு நிமிர்ந்ததுபோலவே.

"என் மருமகதான். எங்க வீட்டு மூத்த மருமக," என்றார். "இப்படி ஆனதும் மூலையில போட்டுட்டோம்னு நினைக்காதீங்க. வேலைக்குப் போகணும்னா, போம்மான்னு சொன்னேன். இதுக்காகவே வாசல்ல சரிவு கட்டினேன். சிமென்ட்டு போட்டு, பக்காவா."

"அடடா," என்றாள் அந்த அம்மாள். கண் கலங்கிவிட்டது. "குடுத்து வச்சவம்மா நீ. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க இப்படி? பெத்த அப்பன்கூடச் செய்ய மாட்டான்."

ஊசியக்கா நரம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினாள், குத்தினாள், ஒரே குத்து. குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறியது. ரப்பர் பட்டையை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அவர் விரலையே அதன்மேல் வைத்தாள். குழாயில் அவர் பேரை எழுதி ஒட்டினாள். பிறகுதான் நிமிர்ந்து, அந்த அம்மாளுக்கு மட்டுமல்லாமல் வரிசையில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தச் சரிவு ஒன்றரை அடி அகலம்மா. என் நாற்காலி ரெண்டேகால் அடி. அது எங்க வீட்டு பைக்குக்குக் கட்டினது."

வரிசை முழுக்க மறுபடி மாமனாரைப் பார்த்தது. அவர் பஞ்சை அழுத்தியபடி எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தார்.

"நல்லா அழுத்திப் பிடிங்க மாமா, ரத்தம் நிக்கணும்," என்றாள் ஊசியக்கா. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அடுத்தவங்க வரணும்."